பணம் கட்டுவதற்கு முன்னால்

உயிருக்கு ஆபத்தான நோய் என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது பணம் புரட்டுகிற வேலை. நகை அடகுக் கடைக்குப் போகும். நிலப் பத்திரம் யாரோ ஒருவர் பீரோவுக்குப் போகும். வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டு வாசலில் மாமனோ மச்சானோ போய் நிற்பார்கள். எல்லாம் தீர்ந்து, இனி கேட்க ஆள் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் “கவர்மென்ட்ல ஏதோ உதவி உண்டாமே” என்று ஒருவர் சொல்வார். பெரும்பாலும் அது காலம் கடந்த பேச்சு.

ஏன் காலம் கடந்தது என்கிறேன்? ஏழை நோயாளிகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் முக்கியமான நிதி ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி. அதன் விதிகளில் தெளிவாக ஒன்று இருக்கிறது: ஏற்கெனவே செலவழித்த பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். இனி ஆகப்போகிற செலவுக்குத்தான் உதவி. அதுவும் அரசு மருத்துவமனையில் ஆகிற செலவுக்கு மட்டும். பணம் நோயாளியின் கைக்கு வராது, மருத்துவமனைக்கு நேராகப் போகும். அதனால் தனியாரிடம் நான்கு லட்சம் கட்டிவிட்டு ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி எடுத்துவருகிறவருக்கு அந்த ரசீதுகளால் ஒரு பயனும் இல்லை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்போது எனக்கு வார்த்தை வராது.

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் இந்த மாதிரி விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. இது என் தொழில் இல்லை. என் சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அலைந்து தெரிந்துகொண்டதை, அப்புறம் கேட்டு வந்தவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான். திட்டங்கள் நிறைய இருக்கின்றன, பணமும் இருக்கிறது. ஆனால் அது நோயாளியிடம் வந்து சேருகிற வழி ரொம்பத் தாமதமாகத் தொடங்கி, ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சொல்ல வருவது இதைத்தான்.

ஆரோக்கிய நிதி 1997 ஜனவரியில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் தேசிய நோய் உதவி நிதி, 2003-இல் இப்போதைய பெயர் வந்தது. நிதி தொடங்குவதற்கு முந்தைய வருடம், 1996-இல்தான், மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பைக் கொடுத்திருந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக “இடமில்லை”, “வசதியில்லை” என்று திருப்பி அனுப்ப, கடைசியில் அவர் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், அவசரச் சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றது. பணம் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. உதவித் திட்டம் ஒவ்வொன்றையும் நான் இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பார்க்கிறேன். உதவி கேட்டு வருகிறவர் யாசகம் கேட்டு வரவில்லை.

ஆரோக்கிய நிதியில் அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரை ஒருமுறை உதவி கிடைக்கும். இதயம், சிறுநீரகம், கல்லீரல், புற்றுநோய் மாதிரியான பெரிய நோய்களுக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அரசு ஊழியர்களுக்குக் கிடையாது. சாதாரண நோய்களுக்கும், வேறு அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சைகளுக்கும் கிடையாது. புதுச்சேரி ஜிப்மர், தில்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் இதற்கென்று ஒரு சுழல்நிதி உண்டு. ஒரு வரம்பு வரை அந்த மருத்துவமனையே அனுமதித்துவிடலாம். வரம்பைத் தாண்டினால் கோப்பு தில்லிக்குப் போகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஜிப்மர் பக்கம் என்பதால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நேரில் தெரியும். சுழல்நிதி உள்ள இடத்தில் சேர்ந்தவருக்கு விண்ணப்பத்தின் பயணம் அந்த வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம்.

புற்றுநோய்க்கு இதன் கிளையாக 2009-இல் ஒரு தனி நிதி வந்தது, சுகாதார அமைச்சரின் புற்றுநோய் நோயாளிகள் நிதி. நாட்டில் உள்ள 27 மண்டல புற்றுநோய் மையங்கள் வழியாக அது வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அப்படி ஒரு மையம். காஞ்சிபுரத்தில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் உண்டு. அடையாறு அரசு மருத்துவமனை இல்லையே, அங்கே எப்படி என்று சிலர் கேட்பார்கள். மண்டல மையம் என்பதால் அங்கேயும் செல்லும்.

இது தவிர சுகாதார அமைச்சரின் விருப்ப மானியம் என்று ஒன்று. வருட வருமானம் 1,25,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, அதே 1,25,000 ரூபாயை உச்ச வரம்பாக வைத்துக் கொடுப்பது. பிறகு பிரதமரின் தேசிய நிவாரண நிதி. தேசப் பிரிவினையில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக 1948 ஜனவரியில் நேரு பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுத் தொடங்கியது அது. இன்றைக்கும் அதில் பட்ஜெட் பணம் கிடையாது, முழுக்க நன்கொடைதான். இதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் இவற்றுக்கு அதிலிருந்து மருத்துவமனைக்கு நேராகப் பணம் போகும். எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புவது எல்லோரும் செய்கிற வழக்கம். மாநில அளவில் முதலமைச்சரின் பொது நிவாரண நிதியும் இருக்கிறது.

சரி, இத்தனையும் இருந்தாலும் தமிழ்நாட்டில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு முதலில் கை கொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது. 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இதில் இடம் உண்டு, அதைப் பற்றித் தெரியாத முகாம்வாசிகளை நானே சந்தித்திருக்கிறேன். இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. இந்தத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சிகிச்சை செய்து காப்பீட்டுத் தொகை பெறுகின்றன. அதில் ஒரு பகுதியை ஒதுக்கித் தொகுப்பு நிதி ஒன்று உருவாக்கினார்கள். கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி காப்பீட்டு வரம்புக்குள் அடங்காத செலவுகள் அதிலிருந்து போகின்றன. இதை யோசித்துச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல் வருமானச் சான்று. காப்பீட்டு அட்டைக்கு வருட வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று இருந்த வரம்பை 2022-இல் 1,20,000 என்று உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் பத்தாயிரம். ஒரு கொத்தனாரோ பெயின்டரோ நாளுக்கு 800 ரூபாய் கூலியில் மாதம் இருபது நாள் வேலை பார்த்தால் 16,000 ரூபாய். வருடத்துக்கு 1,92,000. அவர் வரம்புக்கு வெளியே. சொந்த வீடு இல்லை, சேமிப்பு இல்லை, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் அவர் ஏழை இல்லையா? மழைக்காலத்தில் அவருக்குப் பல நாள் வேலையே இருக்காது என்பது எந்தச் சான்றிதழில் வரும்?

நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் பெரும்பாலும் மனிதாபிமானத்தோடு நடந்துகொள்கிறார். இந்த வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும், வரம்புக்குள் ஒரு தொகையை எழுதிக் கொடுப்பார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய நல்ல மனசை நம்பி நிற்கிற திட்டமாக இது இருக்கக் கூடாது. ஆள் மாறினால் தொகை மாறும். “என் சம்பளம் மாதம் பதினான்காயிரம்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற அப்பாவி வெளியே நிற்பார். பி.எஃப். பிடித்தமுள்ள சிறிய கம்பெனி வேலையில் இருப்பவர் எதையும் மறைக்க முடியாமல் வெளியே நிற்பார். நோயாளிக்கு ஆகப்போகிற செலவு எவ்வளவு, அது அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பதுதான் நியாயம். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கிற வீட்டையும் ஒரு புற்றுநோய் ஆறே மாதத்தில் தெருவில் நிறுத்திவிடும்.

ஆரோக்கிய நிதிக்கு இது இன்னும் கடினம். அங்கே கேட்பது வறுமைக்கோட்டுக்குக் கீழே என்பதற்கான ஆதாரம். அந்தக் கோடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, கிராமத்துக்கும் நகரத்துக்கும் வேறு. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் உண்டு என்பது நமக்குப் பெருமை. மற்ற மாநிலங்களில் இருக்கிற மாதிரி ஏழைகளுக்கு ஒரு நிற அட்டை, மற்றவர்களுக்கு இன்னொரு நிற அட்டை என்று இங்கே கிடையாது. ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று சின்ன எழுத்தில் ஒரு குறியீடு மட்டும் இருக்கும். முன்னுரிமைக் குடும்பமா இல்லையா என்பதை அது சொல்கிறது. தன் கார்டில் என்ன குறியீடு என்று நோய் வருவதற்கு முன்னால் பார்த்தவர் அபூர்வம். பார்த்தபோது என்.பி.எச்.எச். என்று இருந்தால், வீடு எவ்வளவு வறுமையில் இருந்தாலும், அதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டும், தாசில்தாரிடம் தனியாகச் சான்று வாங்க வேண்டும். அரிசி வாங்கும்போது யாருக்கும் உறுத்தாத நான்கு எழுத்து, மருத்துவமனை கவுன்ட்டரில் போய்த் தடுக்கிறது.

இப்போது யார் இந்தத் தாள்களுக்காக அலைவது என்று பாருங்கள். நோயாளி படுக்கையில். கூட இருப்பவர் ஒருவர், அநேகமாக மனைவி. ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும், வெளியே எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கி வர வேண்டும், ரிப்போர்ட் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். அவர் படுக்கையை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறி, வி.ஏ.ஓ. இருக்கிறாரா என்று பார்த்து, இ-சேவை மையத்தில் பதிந்து, ஆர்.ஐ. கையெழுத்து, தாசில்தார் ஒப்புதல் எல்லாம் முடித்து, கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் போய் நிற்க வேண்டும். சித்தப்பாவுக்கு முதல் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது சித்தி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “ஏம்மா, இவரைப் பாக்கறதா, பேப்பரைப் பாக்கறதா?” நான் போனேன். போக ஆள் இல்லாத வீடுகள்தான் பெரும்பாலும். அந்த வீடுகளில் விண்ணப்பமே எழுதப்படுவதில்லை. நிராகரிக்கப்பட்டவர்கள் கணக்கிலும் அவர்கள் வர மாட்டார்கள்.

சித்தப்பா பெயின்டர். விட்டு விட்டுக் காய்ச்சல், பல் விளக்கினால் ஈறில் ரத்தம், ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் டைபாய்டு என்று பார்த்தார்கள், அப்புறம் டெங்கு என்று பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அட்மிஷன். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்து நோயின் பெயர் தெரிய வந்தபோது வீட்டில் தாலியைத் தவிர வேறு பொன் இல்லை. கையில் நோயின் பெயர் இருந்தால்தான் எந்தத் திட்டத்திலும் விண்ணப்பிக்க முடியும். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதற்கே வீடு காலியாகிவிடுகிறது. தாமதமாகத் தொடங்குகிறது என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதற்கு ஒரு பகுதி பதில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. காய்ச்சல் இறங்கவில்லை, கட்டி கரையவில்லை, எடை குறைகிறது என்றால் நேராக அங்கே போய்விடுங்கள். தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 2,500 ரூபாய் என்பதுதான் பல காலமாக உள்ள கட்டணம். வரிசை நீளம், நாள் ஆகும், கூட்டம், இதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே நோய் கண்டுபிடிக்கப்பட்டால் அடுத்த படிகளுக்கு வேண்டிய எல்லாத் தாளும் அந்த வளாகத்திலேயே கிடைக்கும். ஆரோக்கிய நிதி விண்ணப்பத்தில் சிகிச்சை தரும் டாக்டரின் கையெழுத்தும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் மேலொப்பமும் வேண்டும். தனியாரிடம் தொடங்கியவர் அதற்காகவே மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

மருத்துவமனைக்குள் போனதும் டாக்டருக்கு அடுத்தபடியாகத் தேடிப் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர். காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் தொடர்பு அலுவலர் ஒருவர், மருத்துவ சமூகப் பணியாளர் இன்னொருவர். இரண்டாமவரைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. எந்த நோய்க்கு எந்த நிதி, எந்த அறக்கட்டளை, யாரிடம் எந்தக் கடிதம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சித்தப்பா சேர்ந்திருந்த மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளர் அம்மா, நாங்கள் கேட்காமலேயே வார்டுக்கு வந்து, “எஸ்டிமேட் வாங்கிட்டீங்களா? எதையும் வெளியில கட்டிடாதீங்க, ரெண்டு நாள் பொறுங்க” என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு லட்சக்கணக்கில் மிச்சம். ஆயிரம் படுக்கை உள்ள மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில் இருப்பது பெரிய குறை. புதிய கட்டடம் கட்டுவதற்கு முன்னால் வார்டுக்கு ஒரு சமூகப் பணியாளரைப் போடுங்கள் என்று யாரிடம் கேட்டாலும் கேட்பேன்.

இன்னொரு முடிச்சும் உண்டு. காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்கு ஆரோக்கிய நிதி கிடைக்காது. பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்தத் தொகை இந்த நோயாளிக்குப் போதாது என்றால் என்ன செய்வது? காகிதத்தில் அவர் காப்பீடு பெற்றவர். படுக்கையில் அவருக்குப் பூஞ்சைத் தொற்று வந்து, நாளுக்குப் பல ஆயிரம் ரூபாய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கேதான் விருப்ப மானியம், பிரதமர் நிதி, முதலமைச்சர் நிதி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மனு போட வேண்டியிருக்கிறது. மனு ஏற்கப்படும் வரை நோய் காத்திருக்காது.

அரிய நோய்கள் விஷயத்தில் இந்தப் போராட்டம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2014-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிக்‌ஷா ஓட்டுநரின் மகனுக்காக வழக்கு நடந்தது. காஷே என்ற மரபணு நோய். உடலில் ஒரு நொதி இல்லாததால் கொழுப்புப் பொருள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேர்ந்துகொண்டே போகும். அந்த நொதியை ஊசியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் ஏற்ற வேண்டும். ஒருவர் ஏழை என்பதற்காக அவரைச் சாக விட்டுவிட அரசால் முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகு ஏழு வருடம் கழித்து, 2021 மார்ச்சில், அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. முதலில் ஒரு பிரிவு நோய்களுக்கு மட்டும் 20 லட்சம் என்றார்கள். 2022 மே மாதம் எல்லாப் பிரிவுக்கும் 50 லட்சம் ரூபாய் வரை என்று மாற்றினார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இப்போது அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று.

50 லட்சம் என்றால் கேட்க நிறையத் தெரியும். ஆனால் இந்த மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். பிள்ளை நன்றாக வளர்ந்தால் பணம் சீக்கிரம் தீரும். ஒரு தாய் தன் குழந்தை எடை கூடுவதைப் பார்த்துப் பயப்படும்படி ஒரு திட்டம் இருக்கலாமா? வாழ்நாள் நோய்க்கு ஒருமுறை உதவி என்ற கணக்கு அடிப்படையிலேயே தப்பு. நீதிமன்றத்துக்குப் போக வலுவுள்ள சில பெற்றோர் போராடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களால்தான் இந்த அளவாவது நகர்ந்திருக்கிறது.

வாழ்நாள் நோய் என்றதும் அரிய நோயை மட்டும் நினைக்க வேண்டாம். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்காமல் இருப்பதற்கான மருந்தை உயிரோடு இருக்கும் வரை சாப்பிட வேண்டும். புற்றுநோயிலிருந்து மீண்டவர் வருடக்கணக்கில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி சேர்க்கைக்கு முந்தைய 3 நாளும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாளும்தான் காப்பீட்டுக்குள் வரும். நோய் பதினைந்து நாளில் முடிகிற நோயாக இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்ல செய்திதான். மிச்சமிருக்கும் அந்த 39 சதவீதம் யார் தலையில் விழுகிறது என்றால், இப்படி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரைச் சீட்டோடு வாழ்கிறவர்கள் தலையிலும்தான்.

அதிலும் மருந்துச் செலவு ஒரு பாதிதான். சித்தப்பா பிழைத்தார். சிகிச்சைக்கான பெரிய தொகையில் பெரும்பகுதியை அரசுதான் கொடுத்தது, அதை எங்கே வேண்டுமானாலும் நன்றியோடு சொல்வேன். ஆனால் அந்தக் காலம் முழுக்க அவருக்கும் கூலி இல்லை, சித்திக்கும் கூலி இல்லை. சித்தி நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2024-25-இல் அதற்குத் தமிழ்நாட்டில் நாளுக்கு 319 ரூபாய். மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அது இல்லை. போகவர பஸ், வெளியே சாப்பாடு, இரவு தங்க இடம், ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு டீயும் பஸ் காசும். மூத்த பையன் பாலிடெக்னிக்கை நிறுத்திவிட்டு செல்போன் கடைக்குப் போனான். எந்த எஸ்டிமேட்டிலும் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை. வீடு கடனாளியானது இதனால்தான், கீமோவினால் இல்லை.

பயணத்துக்கு ஒரு சலுகை இருக்கிறது, தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் முழுக்க இலவசம், கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டயாலிசிஸுக்கோ சிறுநீரக மாற்றுக்கோ போகிறவர்களுக்கும், இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் 75 சதவீதம் வரை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். ஆனால் விழுப்புரத்துக் கிராமத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற பெண்ணுக்கு ரயில் எங்கே? அவர் பஸ்ஸில்தான் போவார்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் போதும். ரேஷன் கார்டில் குறியீட்டைப் பாருங்கள், திருமணமாகி வந்த மருமகள் பெயரும் புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில் பெயர் இல்லாததால் பிறந்த குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்கு அப்பா தாலுகா ஆபீஸில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெரிய நோய் என்று தெரிந்தால், எந்தப் பணத்தையும் கட்டுவதற்கு முன்னால், மருத்துவமனையின் முத்திரையோடு எஸ்டிமேட் கேளுங்கள். அதன் நகல் இல்லாமல் எந்த நிதியிலும் நகராது.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. நோய் உறுதியான அன்றே வருமானச் சான்றும் வறுமைச் சான்றும் மருத்துவமனைக்குள்ளேயே கிடைக்க வழி செய்ய வேண்டும். ஆதாரும் ரேஷன் கார்டும் அரசின் கணினியில் இருக்கின்றன. அதே அரசின் இன்னொரு அலுவலகத்திலிருந்து ஒரு தாளை வாங்கிவர நோயாளியின் மனைவியை ஊருக்கு அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? அப்புறம், டிஸ்சார்ஜோடு உதவி முடியக் கூடாது. காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள், 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கினார்கள். மருத்துவமனை வழியாக இல்லாமல் நோயாளியின் கைக்கே பணம் கொடுக்க இந்த அரசுகளுக்குத் தெரியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். கீமோ எடுத்துக்கொள்பவருக்கும் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போகிறவருக்கும், அவர்களுக்குத் துணை போவதால் கூலியை இழக்கிறவருக்கும், சிகிச்சை முடியும் வரை மாதம் ஒரு தொகை இதே மாதிரி வங்கிக் கணக்கில் வர வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியை அளவாக வைத்துக்கொண்டாலே போதும். சித்தி மாதிரி ஒருவர் கடன் வாங்காமல் பஸ் ஏறலாம்.